தனி எர்த்

ஜூன் 2, ஞாயிறு

இன்று என் மானம் போயிற்று. வாங்கியவர் ஒரு பல் டாக்டர்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் இசை வட்டம் யாராவது ஒருவர் வீட்டில் கூடும். பாட்டைப் பாட்டாகக் கேட்கத் தெரிந்தவர்கள் இந்தக் கோயமுத்தூரிலேயே ஆறேழு பேர்தான் என்பது எங்கள் எண்ணம். அந்த ஆறேழிலும் உண்மையில் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பது என் எண்ணம். இந்த முறை என் வீடு. மதியமே வால்வு ஆம்ப்ளிஃபயரைப் போட்டுச் சூடேற்றினேன். ரெக்கார்டுகளைத் துடைத்தேன். ஜன்னல்களுக்குக் கனத்த திரை போட்டேன். நாலு மணிக்கு முள்ளை இறக்கினேன். வயலின் தனியாக எடுக்கும் இடம். வந்தது. கூடவே இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் "ம்ம்ம்ம்" என்று ஓர் உறுமலும் வந்தது.

டாக்டர் அமிர்தலிங்கம் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "குழந்தைவேல் சார் வீட்ல தம்புராவுக்கு மட்டும் லீவே இல்லீங்களாட்ட இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். போண்டாத் தட்டோடு வந்த வசந்தாமணியும் சிரித்தாள். என்ன விஷயம் என்று அவளுக்குத் தெரியாது. நாலு பேர் சிரித்தால் என் மனைவியும் சிரிப்பாள், அவ்வளவுதான். அமிர்தலிங்கம் இருக்கிறாரே, ஸ்பீக்கர் மேல் மணிபிளாண்ட் தொட்டி வைத்திருக்கிற மனிதர். அவரிடம் நான் பேச்சு வாங்க வேண்டியிருக்கிறது.

"அடுத்த மாசமும் இங்கேயே கூடுவோம். அப்பப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். ஜூலை ஏழாம் தேதி. அன்றைக்கும் இந்த உறுமல், இந்த ஹம் வந்தால், வட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு பஜனை மடத்தில் போய் உட்கார வேண்டியதுதான்.

ஜூன் 3, திங்கள்

நேற்று முழுக்க ரத்தம் கொதித்ததில் எழுத விட்டுப்போனது: அந்த உறுமல் ரெக்கார்டில் இல்லை, ஆம்ப்ளிஃபயரில் இல்லை, ஸ்பீக்கரில் இல்லை. மூன்றையும் சோதித்துவிட்டேன். அது கரண்டில் வருகிறது. சுவருக்குள் ஓடுகிற கம்பியில் ஊரிலுள்ள குப்பையெல்லாம் கலந்து வருகிறது. எல்.ஈ.டி. பல்பு, ஃபேன் ரெகுலேட்டர், இன்வெர்ட்டர், பக்கத்து வீட்டுக்காரன் மிக்ஸி, எல்லாம் தத்தம் எச்சிலைத் துப்பிவிட்டுப் போகிற கம்பி அது. அந்தக் கரண்டைத்தான் நான் என் ஆம்ப்ளிஃபயருக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறேன்.

இதை வசந்தாமணிக்கு விளக்கினேன். "அதே கரண்டுலதானுங்க இட்லியும் வேகுது. நல்லாத்தான இருக்குது?" என்றாள். பேங்கிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து நான் பேசுவதற்கு இப்படி ஓர் ஆளை விதி கொடுத்திருக்கிறது.

ஜூன் 5, புதன்

ஃப்ரிட்ஜை அணைத்துப் பார்த்தேன். ஹம் இருக்கிறது. திரும்பப் போட மறந்துவிட்டேன். பால் திரிந்ததற்கு நான்தான் காரணமாம்.

ஜூன் 9, ஞாயிறு

கரண்டை வடிகட்டுகிற பவர் ஃபில்டர் வந்து சேர்ந்தது. செங்கல் கனம். இணையத்தில் இதைப் பற்றி ஒரு கூட்டமே வாய் கிழியப் புகழ்ந்திருந்தது: திரை விலகியது போல, ஜன்னலைத் துடைத்தது போல, கண்ணீர் வந்துவிட்டது என்று. எனக்கும் கண்ணீர் வந்தது. விலையைத் தவிர வேறு எந்த மாற்றமும் தெரியவில்லை. ஒயர் மேல் மாட்டுகிற காந்த வளையம் எட்டு வாங்கி மாட்டினேன். பவர் கார்டு தரையில் படக்கூடாது என்பதற்காகச் சின்ன மரக்கட்டைகளை வரிசையாக வைத்து அதன் மேல் ஒயரை ஓடவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் கட்டையில் இரண்டைக் காணோம். சமையல்கட்டில் குழம்புச் சட்டிக்கு அடியில் இருந்தன.

"சும்மாதான கெடந்துச்சுங்க" என்றாள்.

ஹம் இருக்கிறது.

ஜூன் 12, புதன்

எர்த் சரியில்லை என்று முடிவுக்கு வந்தேன். வீடு கட்டியபோது காம்பவுண்டு ஓரத்தில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கியது. அதற்குப் பிறகு ஒருவரும் அதை எட்டிப் பார்க்கவில்லை. ஈரம் இருந்தால்தான் மண் கரண்டை இழுக்கும். காலையில் அந்தக் குழியில் இரண்டு குடம் தண்ணீரும் ஒரு படி கல்லுப்பும் கொட்டினேன். சரோஜா வாசலில் நின்று பார்த்தாள். இந்தச் சரோஜா வசந்தாமணியின் மாவு வியாபாரத்துக்குக் கூடமாட இருக்கிறவள். வெள்ளந்திப் பேச்சு.

"ஏனுங்கய்யா, பக்கத்துலயே கறிவேப்பிலைச் செடி வாடுது. அதுக்கு ஒரு சொம்பு ஊத்தலாமில்லீங்களா?"

சுற்றி இருப்பதெல்லாம் இப்படி.

மாவு வியாபாரம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வசந்தாமணி பொழுது போகாமல் ஆரம்பித்தது. தெருவுக்கு இட்லி மாவு, இரண்டு மெஸ்ஸுக்கு இட்லி மாவு. தினமும் ஒரு பெரிய கிரைண்டர் ஓடுகிறது. மாசக் கடைசியில் மளிகைக் கடைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் கொடுப்பது அவள் வேலை. எனக்கு இந்தச் சில்லறைக் கணக்கு எல்லாம் தெரியாது.

ஜூன் 16, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்! இரண்டு வாரமாக மண்டை காய்ந்ததற்குப் பலன்.

மூன்று மணிக்கு ஆம்ப்ளிஃபயரைப் போட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சுத்தம். பூரண சுத்தம். திடீரென்று "ம்ம்ம்ம்". எழுந்து ஓடினேன். சமையல்கட்டில் அப்போதுதான் வசந்தாமணி கிரைண்டரைப் போட்டிருந்தாள். "அணை" என்றேன். அணைத்தாள். ஓடிவந்து கேட்டேன். இல்லை. "போடு." இருக்கிறது. "அணை." இல்லை. ஏழெட்டு முறை செய்திருப்போம். கடைசியில் அவள் பொறுமை போய், "அரிசி என்ன பாவமுங்க பண்ணுச்சு?" என்று கேட்டாள்.

இந்தச் சனியன்தான். வீட்டில் எல்லா எர்த் ஒயரும் மெயின் போர்டில் ஒரே பட்டையில் வந்து சேருகின்றன. கிரைண்டர் தன் அழுக்கை எர்த் ஒயரில் விடுகிறது. அது போர்டு வரை வந்து, அங்கிருந்து என் ஆம்ப்ளிஃபயருக்குள் நுழைகிறது. புதுசாக இருந்தபோது இந்தக் கிரைண்டர் இப்படிச் செய்யவில்லை. போன வருஷம்கூட இல்லை. வயதாக ஆகக் கொழுப்பு ஏறுகிறது.

"முதல் ஞாயிறு சாயங்காலம் மட்டும் கிரைண்டர் ஓடக் கூடாது" என்றேன்.

"அதெப்படிங்க? ஞாயித்துக்கிழமை ஆட்டுனாத்தான திங்கக்கிழமைக்குப் புளிக்கும்? திங்கக்கிழமைதானுங்க எல்லா வீட்லயும் இட்லி."

"ஒரு திங்கட்கிழமை ஊர் உப்புமா தின்னட்டும்."

"மாட்டனுங்க" என்றாள்.

முப்பது வருஷத்தில் அவள் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லிவிட்டு உளுந்தை அள்ளிப் போடப் போய்விட்டாள். சரி, நிறுத்தவும் வேண்டாம். அமிர்தலிங்கத்துக்குத் தெரிந்தால், கிரைண்டரை நிறுத்தி வைத்துப் பாட்டுக் கேட்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஓடுகிற கிரைண்டரோடு நான் ஜெயிக்க வேண்டும்.

ஜூன் 19, புதன்

எலக்ட்ரீஷியன் மருதாசலம் வந்தான். வருவதற்கு ஏழு போன். இவன் வேலை தெரிந்தவன் என்று ஊரில் பெயர். இவனுக்குத் தெரிந்த வேலை, "பண்ணிரலாமுங்க சார்" என்று சொல்வது.

என் திட்டத்தை விளக்கினேன். ஆம்ப்ளிஃபயருக்குத் தனி எர்த் வேண்டும். கிரைண்டரோடு சம்பந்தமே இருக்கக் கூடாது.

"புதுக் குழி எங்கீங் சார் தோண்டறது? பூராம் சிமெண்டாப் போட்டு வெச்சிருக்கறீங்க. பிரேக்கர் கொண்டாந்து ஒடைக்கோணும்."

"அப்போ இருக்கிற குழியை ஆம்ப்ளிஃபயருக்கு வைத்துக்கொள். சமையல்கட்டுக்குப் புதுக் குழி மெதுவாகத் தோண்டு."

"பண்ணிரலாமுங்க சார். அப்படியே ஒரு டிரிப்பரும் போட்டுருங்க, லீக்கேஜ் ஆனா டப்புன்னு ஆஃப் ஆயிரும். நல்ல கம்பெனி, நானே வாங்கியாறன்."

வந்த வேலையை விட்டுவிட்டு விற்க வந்துவிட்டான். கரண்டு வருகிற வழியில் இன்னொரு டப்பாவைச் செருகினால் சத்தத்தின் அடிவயிறே போய்விடும் என்று படித்திருக்கிறேன். வேண்டாம் என்றேன். "சரிங்க சார், வெள்ளிக்கெழமை வந்தர்றன்" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனான்.

ஜூன் 21, வெள்ளி

வரவில்லை.

ஜூன் 24, திங்கள்

வரவில்லை. போன் எடுத்தவன், "முகூர்த்த சீசனுங் சார், மண்டபமெல்லாம் சீரியல் லைட்டு வேலை" என்றான். நாட்டில் மாலை மாற்றுகிற ஒவ்வொரு முட்டாளுக்காகவும் என் ஆம்ப்ளிஃபயர் காத்திருக்க வேண்டும்.

ஜூன் 26, புதன்

இன்று நானே செய்துவிட்டேன். ஒரு ஸ்டூல், ஒரு ஸ்க்ரூ டிரைவர், பத்து நிமிஷம். அந்த மருதாசலம் இதற்குத்தான் அவ்வளவு பந்தா.

மெயினை அணைத்தேன். போர்டைத் திறந்தேன். பச்சை ஒயர்கள் எல்லாம் அந்தப் பட்டையில் திருகப்பட்டிருந்தன. சமையல்கட்டுக்குப் போகிற பச்சை ஒயரைக் கழற்றி, நுனிக்கு டேப் சுற்றி மடக்கி வைத்தேன். மூடுவதற்கு முன்பு மருதாசலத்துக்கு ஒரு போன் போட்டேன். நான் பொறுப்பற்றவன் இல்லை.

"அடுப்படிக்கு எர்த் கொஞ்ச நாளைக்கு இல்லாட்டிப் பரவாயில்லையா?"

"அட அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங் சார். பாதி வீட்ல எர்த்தே இல்லீங்க. நான் வந்து குழி போட்டுத் தந்தர்றன்."

ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் காதை வைத்தேன்.

ஒன்றுமில்லை. அடேயப்பா! எவ்வளவு பெரிய ஒன்றுமில்லை. வால்யூமை ஏற்றினேன், இன்னும் ஏற்றினேன், ஒன்றுமில்லை. ரெக்கார்டைப் போட்டேன். வயலின்காரர் வில்லை எடுப்பதற்கு முன் மூச்சு இழுப்பது கேட்டது. இந்த ரெக்கார்டை இருபது வருஷமாகக் கேட்கிறேன், அந்த மூச்சை இன்றுதான் கேட்டேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வசந்தாமணியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து ஸ்பீக்கர் முன்னால் உட்கார வைத்தேன்.

"ஒண்ணுமே கேக்கலீங்களே" என்றாள்.

"அதுதான்!"

அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "உங்களுக்குச் சந்தோஷம்னாச் சரிங்க" என்று சொல்லிவிட்டு மாவு அள்ளப் போய்விட்டாள். இதைத்தான் காது இருந்தும் கேளாதது என்பார்கள் போல.

ஜூன் 28, வெள்ளி

கிரைண்டரைத் தொட்டால் "சுர்ருங்குது" என்கிறாள். ஈரக் கையோடு எதைத் தொட்டாலும் சுர்ரென்றுதான் இருக்கும். இருந்தாலும் காலையில் வாக்கிங் முடித்து வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் நேரே போய்த் தொட்டுப் பார்த்தேன். அவ்வளவு அக்கறை. ஒன்றும் இல்லை. இரண்டு கையாலும் தொட்டேன். ஒன்றும் இல்லை. "உனக்கு மனசுல இருக்குது" என்றேன்.

ஜூலை 1, திங்கள்

ஈ.பி. பில் வந்திருக்கிறது. வசந்தாமணி கட்டிவிட்டு வந்தாள். கரண்டைக் குடிப்பது அவள் கிரைண்டர், அவள் கட்டுவதுதானே முறை. மருதாசலம் வரவில்லை.

ஜூலை 3, புதன்

இந்த வீட்டில் பெண்பிள்ளைகளின் நாடகம் தாங்க முடியவில்லை. சரோஜா இப்போது கிரைண்டருக்கு முன்னால் ஒரு சாக்கை மடித்துப் போட்டு அதன் மேல் நின்றுதான் மாவு தள்ளுகிறாள். இரண்டு பேரும் ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு சமையல்கட்டில் நடக்கிறார்கள். "சளக் சளக்" என்று ஹாலில் என் காதில் விழுகிறது. எவ்வளவு பாடுபட்டு ஹம்மை ஒழித்தேன், அந்த இடத்தைச் செருப்பு பிடித்துக்கொண்டது.

"மருதாசலத்தை ஒருக்கா வரச் சொல்லுங்களே. நேத்துக்கு இன்னைக்கு ஜாஸ்தியாத் தெரியுதுங்க" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை ஆகட்டும்."

இப்போது அவனைக் கூப்பிட்டால் போர்டைத் திறப்பான், எதையாவது பழையபடி முறுக்கி வைத்துவிட்டுப் போவான். ஞாயிறு முடியட்டும். திங்கட்கிழமை அவன் இந்தச் சிமெண்டையெல்லாம் உடைக்கட்டும், நானே கடப்பாரை பிடிக்கிறேன்.

ஜூலை 5, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை மாவாட்ட வளைகாப்பு ஆர்டர் ஒன்று பிடித்திருக்கிறாள். திங்கள் காலையில் நூறு பேருக்கு இட்லியாம். இருக்கிற நாளெல்லாம் விட்டுவிட்டு என் ஏழாம் தேதிதான் கிடைத்தது இவளுக்கு. முன்பாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். இப்போது எனக்கென்ன? நாள் முழுக்க ஓட்டட்டும்.

ஜூலை 7, ஞாயிறு, காலை

எல்லாம் தயார். ஹாலைக் கூட்டித் துடைத்தாயிற்று. ஆட்கள் கை கழுவப் போகிற வழி சமையல்கட்டு வழியாக என்பதால் அங்கேயும் பைப்பைப் பிடித்துத் தரையைக் கழுவி விட்டேன். அந்தச் சாக்கை எடுத்துக் கொல்லையில் எறிந்தேன், பார்க்கவே அசிங்கம். நாலு மணிக்கு மேல் வீட்டுக்குள் செருப்புச் சத்தம் கேட்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வசந்தாமணி முணுமுணுத்தாள். நாலிலிருந்து ஆறு வரைதான், உயிரா போய்விடும் என்றேன்.

அமிர்தலிங்கம், வாரும்!

ஜூலை 8, திங்கள்

ஆஸ்பத்திரி. வசந்தாமணி கண்ணைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

ஜூலை 9, செவ்வாய்

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

நாலு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். வயலின் ரெக்கார்டைப் போட்டேன். ஒரு பிசிறு இல்லை. அந்த மூச்சு வந்தபோது இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அமிர்தலிங்கம் ஒரு பக்கம் முடியும் வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு, "கிரைண்டரை நிறுத்தி வெச்சுட்டீங்களாட்டத் தெரியுது" என்றார். போன மாதம் கை கழுவப் போனபோது அது ஓடுவதைப் பார்த்திருக்கிறார். எமகாதகர்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதற்குத்தான் காத்திருந்தேன் போல இருந்தது. "நிறுத்தலை. இப்போதான் மாவு வழிச்சிருப்பா. மறுபடி போடச் சொல்றேன், கேளுங்க" என்றேன். ரெக்கார்டை நிறுத்திவிட்டு வால்யூமை முழுக்கத் திருப்பினேன். ஆளுக்கொரு பக்கமாகக் குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தார்கள்.

"வசந்தா, கிரைண்டரைப் போடு!"

"இப்பவுங்களா? அரிசி கழுவிட்டு இருக்கறன், கையெல்லாம் தண்ணியா இருக்குதுங்க."

"ஒரே நிமிஷம். போடு!"

மோட்டார் ஓட ஆரம்பித்தது சுவரைத் தாண்டிக் கேட்டது. ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. அமிர்தலிங்கம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "சார், ஒத்துக்கறனுங்க" என்று சொல்லிக் கை தட்ட ஆரம்பித்தார். மற்றவர்களும் தட்டினார்கள். நன்றாகவே தட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

தட்டி ஓய்வதற்குள் சரோஜா கத்தினாள். கொல்லையில் பாத்திரம் கழுவிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருக்கிறாள். யார் இந்த நேரத்தில் கத்துவது என்று எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அமிர்தலிங்கம் முதலில் ஓடினார். வால்யூம் முழுக்க இருந்ததால் நான் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டுப் போனேன்.

சரோஜா விளக்குமாற்றுக் கட்டையால் ஸ்விட்சைத் தட்டி அணைத்திருந்தாள். வசந்தாமணி ஒரு கை கிரைண்டர் விளிம்பிலும் ஒரு கை சிங்க் குழாயிலுமாக ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். அணைத்ததும் விழுந்துவிட்டாள். ஈரத் தரையில் வெறுங்காலோடு கிடந்தாள். பல் டாக்டர் மண்டியிட்டு அவள் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தார். அவருக்கு அதெல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரியாது. அமுக்கி அமுக்கி அவர் சட்டையெல்லாம் நனைந்து போயிற்று. கடைசியில் அவள் இருமினாள்.

கிரைண்டர் மோட்டார் பழுது. உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. இந்தக் கம்பெனிக்காரர்கள் எதைச் செய்தாலும் அரைகுறை.

ஜூலை 10, புதன்

வலது உள்ளங்கை கருகியிருக்கிறது. இரண்டு விரலில் உணர்ச்சி இல்லை. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார் டாக்டர். இருதயத் துடிப்பு இன்னும் சீராகவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். மெயின் போர்டில் ஒரு சின்ன வேலை இருந்தது. முடித்தேன். வளைகாப்பு வீட்டுக்காரர்கள் இரண்டு முறை வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்களாம்.

ஜூலை 11, வியாழன்

வசந்தாமணியின் தம்பி கதிர் வந்திறங்கினான். நூல் வியாபாரம், கையில் நாலு போன், வாயில் நாற்பது வக்கீல்.

"மாமா, கிரைண்டர் கம்பெனிக்காரன் மேல கேஸு போடறம். அக்கா கை போச்சுன்னா அவன் கட்டோணும். நீங்க புகாரை எழுதுங்க, உங்களுக்குத்தான் நல்லா எழுத வரும்."

கிரைண்டர் கடையிலிருந்தும் ஒரு மெக்கானிக் வீட்டுக்கு வந்து பார்த்தான். பிளக் பாயிண்டில் டெஸ்ட் லைட்டை வைத்துச் சோதித்துவிட்டு, "எர்த் நல்லாத்தான் இருக்குதுங்க. எர்த் இருந்துட்டா இத்தனை அடிக்காதுங்களே" என்று தலையைச் சொறிந்தான். "செஞ்சது நீங்க, கேள்வி எங்களையா?" என்று கதிர் அவன் மேல் பாய்ந்தான். நான் பேசவில்லை. அந்த ஆள் பயந்து போய்விட்டான்.

புகார் எழுதினேன். தரக்குறைவான தயாரிப்பு, பொறுப்பின்மை, அப்பாவி இல்லத்தரசி. நன்றாக வந்திருக்கிறது. கதிர் படித்துவிட்டு, "அப்பிடியே கண்ணுல தண்ணி வருது மாமா" என்றான்.

ஜூலை 12, வெள்ளி

அமிர்தலிங்கம் வந்தார். ஆரஞ்சு கொண்டுவந்தார். வசந்தாமணியிடம் பல் எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டுச் சிரிக்க வைத்தார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்ன சார் பண்ணுனீங்க, ஹம்மை எடுக்கறதுக்கு?" என்று கேட்டார். ஃபில்டர் என்றேன். "எந்த ஃபில்டருங்க?" என்றார். பெயர் நினைவில்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். இன்றைக்கு அந்த ஆளைத் திட்ட எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.

ஜூலை 13, சனி

காலையில் சரோஜா கஞ்சி கொண்டுவந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. வசந்தாமணிக்கு ஊட்டிவிட்டு டம்ளரைக் கழுவப் போனாள். அப்போது வசந்தாமணி, "கேஸு வேண்டாமுன்னு கதிர்கிட்டச் சொல்லீட்டனுங்க" என்றாள்.

"ஏன்? அவங்க மேலதானே தப்பு?"

"மோட்டாரு பழசுதானுங்க. ஆனா நீங்க ஸ்டூல் போட்டு ஏறி என்னமோ கழட்டுனீங்க. அன்னைலிருந்துதான சுர்ருன்னுச்சு. எனக்குத் தெரியாதுங்களா?"

என் குரல் உயர்ந்துவிட்டது. "தெரிஞ்சா எதுக்கு ஓட்டுன?"

"கேட்டனே. ஞாயித்துக்கிழமை ஆகட்டும்னீங்க. சரின்னு இருந்தன்."

அதில் கோபம் இல்லை. மாவு புளித்துவிட்டதா என்று கேட்டால் எப்படிச் சொல்வாளோ அப்படித்தான் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. புகாரைக் கிழித்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். அதை அவள் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. அன்னைக்கு எல்லாரும் கை தட்டுனாங்களே, எதுக்குங்க?"

நான் போர்வையை இழுத்து அவள் கால் மேல் போட்டேன்.

"எனக்கு நல்லாக் கேட்டுச்சுங்க. கை எடுக்க வரலை. உங்களைக் கூப்படறன், வாய்ல வர மாட்டீங்குது. அந்தப் பக்கம் எல்லாரும் கை தட்டறீங்க. எதுக்கா இருக்கும்னு இங்க படுத்துட்டு அதையேதான் நெனச்சுட்டு இருக்கறன்."

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். பாட்டு நன்றாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். பொய் சொல்ல அந்த நேரத்தில் எனக்குத் தெம்பு இல்லை.

"கிரைண்டர் ஓடியும் ஸ்பீக்கர்ல சத்தம் வரலைன்னு தட்டுனாங்க வசந்தா."



"அதுக்குங்களா" என்றாள்.